பூட்டியிருந்த தெரு

ஆளுக்குப் பத்து வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டு, பத்துப் படிவம் நிரப்ப வேண்டும். இருநூற்று நாற்பது மாணவர்களில் ஒரே ஒரு பெண்தான் பாக்கி. மற்றவர்கள் கொடுத்ததில் ஒன்றுகூடக் காலியில்லை! துறைத்தலைவர் பத்ரிநாத்துக்கு வாயெல்லாம் பல்.

"சூப்பர் மேடம்! ஃபீல்டு வேலைய நிறுத்திடலாம்னு இருந்தேன். இனிமே வருஷா வருஷம் நடத்துங்க."

ஆய்வு முறை கற்பிக்கும் ஹெலனுக்குப் போன உயிர் வந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் மல்லுக்கட்டினார்? முகம் தெரியாத கூட்டத்துக்கு மைக்கில் கத்துவதெல்லாம் ஒரு பாடமா? பதினைந்து வருஷத்துக்கு முன் வகுப்பில் பதினெட்டே பேர். ஜோகுபாளையத்துச் சந்துகளில் அலைந்துவிட்டு மத்தியானம் டீக்கடையில் கூடுவார்கள். யாரை நாய் துரத்தியது, எந்த அம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லி முடிக்கவே இல்லை என்று ஒரே ரகளை. அந்த முகங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

மறுநாள் பாக்கிப் பெண் அனுஷா வந்து நின்றாள். பத்துப் படிவமும் வெள்ளை வெளேர்.

"நீங்க சொன்ன எட்டாம் தேதிதான் போனேன் மேம். அங்க ஒரு தெரு விடாம பூட்டியிருந்துச்சு. எல்லாரும் சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்குப் போயிட்டாங்களாம்."

ஹெலனுக்குத் திக்கென்றது. செப்டம்பர் எட்டு! அதே திருவிழாவுக்குக் கோலார் தங்கவயலிலிருந்து வேண்டுதல் காவிப் பாவாடை கட்டி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருஷம் தவறாமல் ரயிலேறி வந்தவர் அவர். தங்கவயல்காரர்கள் குடியேறிய தெருக்களுக்கு அந்த நாளையா குறிப்பார்? குறித்திருந்தார். கால அட்டவணையில் அன்றைக்குத்தான் இடம் இருந்தது.

அப்படியானால் நிரம்பி வந்ததெல்லாம் கப்சா! வாயை மூடிக்கொண்டால் களப்பணி பிழைக்கும். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் நாள் வகுப்பில் அடக்கமாட்டாமல் மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"உங்களுக்குக் குடுத்த தெருவுக்கு நெஜமா யாரெல்லாம் போனீங்க? மார்க்கெல்லாம் விடுங்க, சொல்லுங்க."

அனுஷா கை தூக்கினாள். பின்னால் இன்னொரு கை. அப்புறம் பாதி அரங்கமே கை தூக்கியது.

கடைசி பெஞ்சில் ஒரு நீலச் சட்டைக்காரன் எழுந்தான். "போனோம் மேம். பூட்டியிருந்துச்சு. காலிப் படிவம் வாங்கமாட்டோம்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க. சும்மா உக்காந்து நாங்களே எழுதிட்டோம். உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது? எங்க பேருகூட உங்களுக்குத் தெரியாதே."

அவன் பேர் ஹெலனுக்குத் தெரியாதுதான். நேரே பத்ரிநாத் அறைக்குப் போனார்.

"அந்தப் படிவமெல்லாம் பொய் சார்."

பத்ரிநாத் முகம் சுருங்கியது. "அப்ப ஃபீல்டு வேலை இதோட சரி மேடம். பசங்கள என்ன பண்றது?"

"அவங்கள விடுங்க சார். பாதிப் பேர் நெஜமாவே போயிருக்காங்க. வீடு பூட்டியிருக்குன்னு வந்து சொல்லத்தான் அவங்களுக்கு ஆளில்ல. அந்த ஆளா நான் இல்ல."

சொல்லும்போதே ஹெலனுக்கு அழுகை வந்துவிட்டது.