மெத்தைச் சட்டையின் நான்கு அடுக்குகள்

ஏப்ரல் மாதத்தில் ஸ்லாவெக்கின் மார்புக் கவசத்துக்குள் இன்னோர் ஆள் குடியிருக்க இடமிருந்தது. போலந்தின் வூச் நகரத்து டிராம் பணிமனையில் இருபத்தைந்து வருஷம் சுத்தியல் பிடித்த மனிதன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தன் கையாலேயே அடித்து வளைத்த கவசம் அது. அதை மாட்டிக்கொண்டு கராஜின் நடுவில் நின்றான். அவன் மனைவி போக்னா பக்கத்தில் வந்து விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். காலி டின்னைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

குடலில் கட்டி, ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் கீமோ. கட்டி போய்விட்டது என்று மார்ச்சில் டாக்டர் சொல்லிவிட்டார். கட்டியோடு இருபத்துநாலு கிலோவும் போயிருந்தது. அது திரும்பி வருமா என்று கேட்டால், "சாப்பிடுங்கள், பார்ப்போம்" என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது தடவையாக எடை இறங்கிய அன்று ஸ்லாவெக் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். முடி கொட்டியதிலிருந்து யாரையும் போட்டோ எடுக்கவும் விடுவதில்லை.

ஆனால் ஜூலை வருகிறதே. அறுநூறு வருஷத்துக்கு முன் நடந்த போரை ஒவ்வொரு ஜூலையும் க்ருன்வால்ட் வயலில் மறுபடி நடத்தாவிட்டால் தூக்கம் வராத கூட்டம் அது. ஸ்லாவெக் இருபது வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒருவன். போன வருஷம் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வருஷமும் போகாவிட்டால் இனி எந்த வருஷமும் போகமாட்டான் என்று போக்னாவுக்கு நிச்சயமாகத் தெரியும். கவசத்தை யாருக்காவது கொடுத்துவிடுவான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் ஒரு நோயாளியோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

லெஷெக் ஒரு யோசனையோடு வந்தான். போரில் ஸ்லாவெக் நிற்கும் நாரைக் கொடியணிக்குத் தலைவன் அவன். வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுவான், மீதி இரண்டு நாள் மாவீரன்.

"ரெண்டு பக்கமும் நாலு நாலு விரல் வெட்டி எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துடும்டா. என்கிட்ட நல்ல கட்டர் இருக்கு."

"தகட்டுல கை வச்சுப் பாரு, அப்புறம் நீ ஒத்தக் கையாலதான் பஸ் ஓட்டணும்" என்றான் ஸ்லாவெக்.

"தகடுதானேடா? வேணும்னா திரும்ப ஒட்ட வச்சுக்கலாம்."

"வெட்டிட்டா நான் இப்படியேதான்னு ஆயிடும். புரியுதா? நான் இப்படியே இருக்கப் போறதில்ல."

லெஷெக் போக்னாவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கவசத்தைத் தொடக்கூடாது என்றால் மிச்சமிருப்பது உள்ளே போடும் மெத்தைச் சட்டைதான். துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த அந்தச் சட்டை இல்லாமல் இரும்பை யாரும் மாட்டுவதில்லை. மாட்டினால் அடி நேரே எலும்பில் விழும். முதலில் மெத்தைச் சட்டை, அதற்குமேல் அளவெடுத்துத்தான் கவசம் என்பது இந்தக் கூட்டத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியிலேயே கோட்டை விட்டவன் ஸ்லாவெக். முதன்முதலில் கவசம் செய்தபோது வெறும் பனியனோடு நின்று அளவெடுத்துக்கொண்டான். போர்க்களத்தில் மெத்தைச் சட்டைக்குமேல் அது பூட்டவே இல்லை. முகம் தக்காளியாகச் சிவந்து கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவனை, "பனியன் பிரபு" என்று முகாமே கும்பிட்டுப் போனது. லெஷெக் இன்றைக்கும் அதை விடுவதாக இல்லை.

"பழைய மெத்தைச் சட்டைக்குள்ள இன்னும் நாலு அடுக்கு லினன் வச்சுத் தச்சிடுறேன்" என்றாள் போக்னா. "இடம் நிரம்பிடும். கவசம் ஆடாது."

ஸ்லாவெக்குக்கு அது பிடித்திருந்தது. "ஆனா அந்த நாலு அடுக்கையும் லேசா ஓட்டுத் தையல் போட்டு வையி. ஒடம்பு ஏற ஏற ஒவ்வொண்ணா உருவிடலாம்."

"ஓட்டுத் தையல்னா போருக்கு முன்னாடி உடுப்புச் சோதனையில விடமாட்டாங்க" என்றாள் போக்னா. கண்ணை இமைக்காமல் சொன்னாள். பச்சைப் பொய்.

அவள் ஏன் பொய் சொன்னாள் என்றால், நம்பவில்லை, அவ்வளவுதான். வாய்க்கு வாய் "எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னவள் அவள்தான். இரவல் கொடுக்கிற மாதிரி எல்லோருக்கும் தைரியம் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு பிடி மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. கோழி சூப்பில் நாலு ஸ்பூன், பாதி ரொட்டி, அதற்குமேல் போதும் என்று தட்டைத் தள்ளுகிற மனிதனைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எங்கிருந்து நம்பிக்கை வரும்? உருவுவதற்கென்று அடுக்குகளை வைத்துவிட்டு, ஒன்றைக்கூட உருவாமல் வருஷம் வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. இதுதான் இனி இவன் உடம்பு என்றால் அதற்கேற்றபடி அழுத்தமாகத் தைத்துவிடுவதே மேல்.

அழுத்தமாகத்தான் தைத்தாள். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து, ஒரு தையல் முன்னே போனால் அரைத் தையல் பின்னே வந்து, அத்தனை அடுக்கையும் ஒன்றாகப் பிணைத்தாள். தபால் ஆபீஸிலிருந்து வந்ததும் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கமாட்டாள். ஊசி குத்தாமலிருக்க அங்குஸ்தான் போட்ட விரலிலேயே இரண்டு தடவை ஊசி ஏறியது. மே மாத நடுவில் வேலை முடிந்தது. சட்டையைப் போட்டு, கவசத்தைப் பூட்டி, தட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை 'டொக்' என்று அடக்கமான சத்தம். ஸ்லாவெக் தையலை விரலால் தடவினான், சட்டையை முகர்ந்து பார்த்தான். கராஜைப் பத்து நிமிஷம் சுற்றி நடந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

ஜூன் கடைசியில் அவனுக்குச் செஹொச்சீனெக் ஊரில் உடம்பு தேற்றும் சானட்டோரியத்தில் மூன்று வாரம் இடம் கிடைத்தது. அது முடிகிற நாளும் போர் நடக்கிற நாளும் ஒன்றாக வந்து தொலைத்தது. விடிந்ததும் அங்கிருந்து புறப்பட்டு நேரே வயலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். தினமும் போனில் பேசினான். சாப்பாடு எப்படி என்று கேட்டால், "ஏதோ தர்றாங்க" என்பான். பின்னால் யாரோ அக்கார்டியன் வாசிக்கிற சத்தம் கேட்கும்.

உடுப்புச் சோதனை போருக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, முகாமில் நடந்தது. போக்னா கம்பளி அங்கியும் வெள்ளைத் தலைத்துணியுமாக, ஸ்லாவெக்கின் உருப்படிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வரிசையில் நின்றாள். சோதிக்கிறவள் கிங்கா. அந்தக் காலத்தில் இல்லாத மெஷின் தையலைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் பெரிய பெரிய தாடிக்காரர்களெல்லாம் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நிற்பார்கள். மெத்தைச் சட்டையைப் புரட்டிப் பார்த்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை நீங்களே தச்சீங்களா? இன்னும் அறுநூறு வருஷம் ஆனாலும் பிரியாது போலிருக்கே."

"சோதனையில விடணுமேன்னுதான்..."

"வெளியில தெரியறதத்தான் நாங்க பாக்குறோம். உள்பக்கத்துக்கு ஓட்டுத் தையல் போட்டிருந்தாலே போதுமே. எதுக்கு இப்படி விரலக் குத்திக்கிட்டீங்க?"

கிங்கா சிவப்பு நாடா ஒன்றைக் கழுத்தோரம் கட்டி, முத்திரை வைத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸ்லாவெக் வந்து சேர்ந்தான். போர் இரண்டு மணிக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. டாக்டர் ஒரு நிபந்தனையோடுதான் விட்டிருந்தார்: பின்வரிசையில் நிற்க வேண்டும், முதல் மோதலிலேயே செத்துவிட வேண்டும். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூடாரத்திலும் நின்று சலாம் போட்டபடி வந்தான். எப்போதும் போடும் அந்தத் தொளதொளச் சட்டைதான். போக்னா அவனைக் கட்டிப்பிடித்தாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது. கை சுற்றிவர வழக்கத்தைவிட நேரமாயிற்று. ஆனால் நூறு வேலை கிடக்கும்போது யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

மெத்தைச் சட்டையைப் போட்டாள். முன்பக்கம் முடிச்சுப் போடுவதற்கே இழுக்க வேண்டியிருந்தது. லெஷெக் கவசத்தைத் தூக்கி வைத்து, இடது பக்கம் கீலைச் சரிபார்த்து, வலது பக்கம் வாரை பக்கிளுக்குள் நுழைக்கப் போனான். எட்டவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னான். எட்டவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். மூன்று விரல் இடைவெளி அப்படியே நின்றது.

"என்ன போக்னா இது? குடும்பத்தோட பனியன் மேல அளவெடுக்கிற வழக்கமா?"

"நான் சரியாத்தான் அளந்தேன்!" போக்னாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்றரை மாதம், விரலெல்லாம் ஓட்டை. "மே மாசம் பூட்டிப் பாத்தேன். கராஜுல நடந்து காட்டினான். இந்தச் சட்டை இவனுக்குன்னே..."

அங்கே நின்றுவிட்டாள். முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். கூடவே இருந்தவள் பார்க்காததை, மூன்று வாரம் பிரிந்திருந்தவள் பார்த்தாள். காலருக்குமேல் கழுத்து இருந்தது. நரம்பில்லை, கழுத்து. தாடைக்குக் கீழே அந்தப் பழைய இரட்டை மடிப்பு, அவள் பத்து வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்த அதே மடிப்பு, வெட்கமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு?" என்றாள்.

"மார்ச்சுலேருந்து பதினொரு கிலோ" என்றான் ஸ்லாவெக். சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டியைக் கடித்தான். "அங்க எடை மெஷின் இருக்கு. வாரம் ஒரு தடவ ஏத்தி விட்டுடறாங்க. போன்ல சொல்லியிருப்பேன், அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியாதே. தெனமும் கட்லெட்டு, பியரோகிக் கொழுக்கட்ட, சாயங்காலம் டான்ஸு."

"யாரோட டான்ஸு?" என்றான் லெஷெக்.

"எழுபது வயசு கிழவிங்க நாலு பேரு. விடமாட்டேங்கறாங்க."

லெஷெக் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நல்லா அளந்தே போ! பனியன் பிரபுவுக்கேத்த பொண்டாட்டி!"

"பனியன் மேல அளக்கல" என்றாள் போக்னா. "நோயாளி மேல வச்சு அளந்துட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். மறைக்கவில்லை, தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

அழுகையை முடிக்க நேரமில்லை. ஒரு மணி ஆகப்போகிறது. அவள் சட்டையைக் கழற்றி வைக்கோல்மேல் உள்பக்கமாக விரித்தாள். ஓட்டுத் தையல் என்றால் ஒரு நூலை இழுத்தால் போதும், உருவிக்கொண்டு வந்துவிடும். இது அரையரைத் தையலாகப் பின்வாங்கிப் பிணைத்தது; ஒவ்வொன்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாரைக் கொடியணியில் கத்தி வைத்திருந்தவர்களெல்லாம் சுற்றி உட்கார்ந்தார்கள். போர்க்களத்தில் கத்திக்கா பஞ்சம்?

தலைகுனிந்து வெட்டிக்கொண்டே போக்னா மெதுவாகச் சொன்னாள்: "ஸ்லாவெக், சோதனையில விடமாட்டாங்கன்னு சொன்னது பொய். நீ திரும்ப ஏறுவேன்னு நான் நம்பல. அதான் இறுக்கித் தச்சேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெழுகு வாசன வந்துச்சு. உருவறதுக்குத் தைக்கும்போது நீ என்னிக்கு நூலுக்கு மெழுகு போட்டிருக்கே?"

அவள் கத்தியை நிறுத்தினாள். "அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா உக்காந்து பிரிச்சிருப்பே, என் மனசுக்காக. எனக்காகப் பிரிக்க வேணாம், என் ஒடம்பு ஏறிப் பிரிக்க வைக்கட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "கோபமும் இருந்துச்சு, இல்லேங்கல. அந்தக் கோபத்துலதான் முதல் கட்லெட்ட முழுசா தின்னேன்."

நாலு அடுக்கும் பிரிந்தன. இரண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதி இரண்டோடு கவசத்தைப் பூட்டிப் பார்த்தார்கள். பக்கிள் ஊசி பழைய ஓட்டைக்கு ஓர் ஓட்டை முன்னால் வந்து விழுந்தது. கழற்று, தைக்க வேண்டும் என்றாள் போக்னா. அதற்குள் முத்திரை போட்ட உருப்படியைக் கிழித்துவிட்டார்கள் என்று யாரோ வத்தி வைத்து, கிங்கா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சுற்றிலும் சிதறிக் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"அறுநூறு வருஷத்துக்குப் பிரியாதுன்னு நேத்துதானே சொன்னேன்!"

"ஆள் பெருத்துட்டாருங்க" என்றாள் போக்னா.

கிங்கா ஸ்லாவெக்கை மேலும் கீழும் பார்த்தாள். போன வருஷம் அவன் ஏன் வரவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "அப்ப சரி" என்று சொல்லிப் புது நாடா எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் கொம்பு ஊதியது. போக்னா ஊசியில் நூலைக் கோத்தாள். பெட்டியில் மெழுகு உருண்டை கண்முன்னாலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு அடுக்கையும் விரல் நீளத்துக்கு ஒரு தையலாக, வெறும் நூலால் ஓட்டிக்கொண்டு போனாள். குழந்தைகூடத் தைக்கும் அப்படி. முனையில் முடிச்சுக்கூட இறுக்கவில்லை. அடுத்த வருஷம் இழுக்கத் தோதாக இரண்டு விரல் நூலை வெளியே விட்டு வைத்தாள்.

ஸ்லாவெக் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்வதற்கு முன் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"என்ன?" என்றாள் போக்னா.

"வேர்வ நாத்தம்" என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

அவள் கவசத்தைப் பூட்டிவிட்டாள். இரண்டாவது கொம்பு ஊதியது.