சாம்பல் நிறத்தின் சாட்சி

அன்று பகல் பன்னிரண்டுக்குள் தம் சிவப்பைத் தாமே கெடுத்துவிட அண்ணன் துணிந்திருந்தார்.

கம்பளி நூலுக்குச் சாயமேற்றி இணையக் கடையில் விற்பது எங்கள் குடும்பத் தொழில். அண்ணன் காய்ச்சும் சிவப்பைக் கண்டவர் கண்ணெடுக்க மாட்டார்; அந்தி வானத்துச் செக்கரைப் பிழிந்து காந்தள் இதழில் தோய்த்தாற்போல் இருக்கும். அந்தச் சிவப்பைத்தான் ஒரே வாரத்தில் மூவர் திருப்பி அனுப்பியிருந்தனர். படத்தில் பார்த்தது செங்கல் நிறம், வந்ததோ நெருப்பு என்பது அவர்கள் குறை. மயில்கழுத்துப் பச்சையும் ஒன்று திரும்பியிருந்தது. இன்னொரு புகார் வந்தால் எங்கள் பக்கத்தை மூடிவிடுவதாக இணையக் கடை எழுதிவிட்டது.

"படத்துல இருக்கறதத்தான கேக்கறாங்க? அதையே குடுத்துடுவோம்." அண்ணன் பழுப்புப் பொடியை நிறுத்து வைத்தார். "சாயக் கொப்பரை காயட்டும். பன்னெண்டு மணிக்குக் கலக்கறேன்."

"கண்ணாடி சரியில்லன்னா முகத்தையா செதுக்குவாங்க?" என்றார் அண்ணி.

"அந்தக் கண்ணாடி யாரு வேலை? படம் எடுக்கறது நீதான?"

சொல் சுட்டிருக்கும். அண்ணி படமெடுக்கும் அறைக்குப் போனார். பார்சல் கட்டுவதை விட்டுவிட்டு நானும் பின்னே நடந்தேன்.

அந்த அறையை அவர் காத்த விதம் ஒரு நோன்பு. வடக்குச் சாளரத்தின் ஒளி மட்டுமே உள்ளே வரும். சுவர் நான்கும் சாம்பல் பூச்சு. நிற்பவர் உடையின் நிறம் நூலில் படியுமென்று, உள்ளே நுழையும் எவரும் கறுப்பு மேலங்கி அணிந்தாக வேண்டும். நூலைச் சுற்றிக் கட்டிய ஒவ்வொரு கழியையும் படமெடுக்குமுன் அதனருகே சாம்பல் அட்டையொன்றை வைத்து, அதற்கேற்பக் காமிராவைத் திருத்துவார். இத்தனைக்குப் பின்னும் பழி வந்ததே என்று எனக்கே ஆறவில்லை.

"சாம்பல் நூல் இந்த மாசம் எத்தன போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"பதினெட்டு, அண்ணி. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அண்ணி சாம்பல் அட்டையைக் கையில் எடுத்தார். "வெளிச்சத்துல தப்புன்னா சாம்பல்தான் மொதல்ல காட்டிக் குடுக்கும். துளி மஞ்சள் விழுந்தாலும் அதுல தெரிஞ்சுடும். அது அப்படியே இருக்கு. அழுத்தமான நிறம் மட்டும் வெளுக்குது. அப்ப தப்பு இந்த ரூம்ல இல்ல. படம் போற வழியில இருக்கு."

குற்றம் சாட்டப்பட்டவரே இத்துணை அமைதியாக வழக்கை ஆராய்ந்து நான் கண்டதில்லை. தம் கணினியிலிருந்த படத்தையும் கடைப் பக்கத்துப் படத்தையும் அருகருகே திறந்தார். ஒன்று தழல், மற்றது புழுதி படிந்த தழல்.

"நடுவுல இது யாரு கைக்குப் போகுது?"

நடுவில் அண்ணன். படக் கோப்புகளின் கனம் குறைய வேண்டுமெனச் சென்ற மாதம் கடை விதித்தபின், அப்பணியை அவரே விரும்பி ஏற்றிருந்தார். கூப்பிட்டதும் கையைத் துடைத்தபடி வந்தார்.

"கனத்தக் குறைக்கறது ஒரு குத்தமா?"

"எப்படிக் குறைக்கறீங்கன்னு காட்டுங்களேன்."

காட்டினார். படத்தோடு நிறக்குறிப்பை வைத்திருக்கவா என்று கேட்ட கட்டத்தில், வேண்டாமென்று தட்டினார்.

"எதுக்கு அத எடுத்தீங்க?"

"சீட்டுதான? வெறும் கனம். சீட்ட அவுக்காம நாம என்னிக்கு நூல் அனுப்பிருக்கோம்?"

உண்மைதான். கொப்பரையில் கழிகள் மாறாதிருக்கச் சீட்டுக் கட்டுவோம். சாயம் ஏறி உலர்ந்ததும் அவிழ்த்துவிடுவோம். சீட்டோடு நூலை விற்பது அண்ணனுக்கு மானக்கேடு.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணி சிரிக்கவில்லை.

"நான் பெரிய படியால அளந்து பத்துன்னு எழுதிருக்கேன். எந்தப் படின்னு சொல்றதுதான் அந்தச் சீட்டு. அது போயிடுச்சுன்னா, பாக்கறவங்க மிஷின் சின்னப் படியால பத்து அளக்கும். நிறம் குறையாம என்ன செய்யும்? சாம்பல்ல நிறமே இல்ல, அதுக்கு மட்டும் எந்தப் படியும் ஒண்ணுதான்." சுட்டியைத் தம் பக்கம் இழுத்தார். "பாதித் தப்பு என்னுது. இணையத்துக்குச் சின்னப் படிதான் வழக்கம். நானே மாத்திக் குடுத்திருக்கணும்."

பழியில் பாதியை வலியக் கேட்டு வாங்கிய அந்தப் பெருந்தன்மைக்கு என்ன பெயர் வைப்பது!

அண்ணி இணையத்தின் அளவுக்குப் படத்தை மாற்றி, நிறக்குறிப்பை உள்ளேயே இருத்தி, அதன்பின் கனம் குறைத்தார். கணினியிலும், அண்ணன் கைபேசியிலும், என் கைபேசியிலும் திறந்தார். திரைக்குத் திரை சிறு வேறுபாடு இருந்தது. ஆயினும் மூன்றிலும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. சின்னப் படியில் அடங்காத கடைசித் துளிக்காகப் படத்தின்கீழ், "நேரில் இதனினும் சற்று ஆழ்ந்திருக்கும்" என்று எழுதினார்.

வெளியே கொப்பரைக்குத் தீ மூட்டும் வேலையாள் குரல் கொடுத்தார். "அண்ணே, தண்ணி தயார்! பழுப்பக் கொட்டவா?"

"தொடாத! பழைய அளவே போடு!" என்று கத்திய அண்ணன் திரையை விட்டுக் கண் நகர்த்தவில்லை. பிறகு தணிந்த குரலில், "இத்தன வருஷம் காய்ச்சுன செவப்பையே சந்தேகப்பட்டுட்டேன் பாரு" என்றார்.

"செவப்ப எங்க சந்தேகப்பட்டீங்க? என்னையத்தான."

அண்ணன் திரையை விட்டு அண்ணி பக்கம் திரும்பினார். "அந்த மயில்கழுத்தும் மாத்தணுமில்ல? நான் பக்கத்துல இருந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணி தம் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.