பொற்றொடியின் கணவன் ஓர் இடைச்செருகல்

நான் இடைச்செருகல் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் ஒரு பழைய காப்பியத்தின் நகரப் படலத்தில் இருக்கிறது. வேலை அதிகமில்லை. தினமும் காலையில் காப்பியத் தலைவன் யானைமேல் உலா வருவான். பெண்கள் மாடங்களில் நின்று அவனைப் பார்ப்பார்கள். பார்த்ததும் ஏக்கத்தில் உடல் மெலிந்து, கைவளையல்கள் கழன்று தெருவில் விழும். தலைவன் அடுத்த படலத்துக்குள் நுழைந்ததும் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் உடம்பு பழையபடி தேறிவிடும்.

என் மனைவி பொற்றொடி மூலத்திலேயே இருப்பவள். மேல்மாடத்தில் தனியாக நிற்பவளாகத்தான் கவிஞர் அவளை எழுதியிருந்தார். பல நூற்றாண்டுகள் அவள் அப்படியே நின்றாள். பிறகு ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுத்த யாரோ ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், விழுந்த வளையலை இவளுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். நாலு வரியில் ஒரு பாட்டைச் செருகிவிட்டார். கணவன் கீழே இறங்கிப் போய் வளையல்களைப் பொறுக்கி வந்து அவள் கையில் மாட்டினான் என்பது அந்தப் பாட்டு. அந்தக் கணவன் நான். எனக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அவசரமாக இருந்திருக்கிறார்.

எழுதும்போது அவர் பழைய சோற்றுக்கு மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நான் ஊருக்குள் வந்தபோது என் கையில் ஒரு மிளகாய் இருந்தது. மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததே காப்பியம் எழுதிப் பல காலம் கழித்துத்தான். ஊரில் எல்லோருக்கும் மிளகுதான் காரம். நான் விதையைக் கொல்லையில் போட்டேன். முதன்முதலில் குழம்பில் மிளகாய் சேர்த்த அன்று பொற்றொடி குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நாக்குல தீய வச்சிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று திட்டினாள். கொஞ்ச நாளில் அவளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பதிப்பாசிரியர் அறம்வளர்த்தநாதன் வந்து சேர்ந்தார். காப்பியத்துக்குச் செம்பதிப்பு வரப்போகிறதாம். பிற்காலத்தில் நுழைந்தவர்களைக் கண்டுபிடித்துப் பின்னிணைப்புக்கு அனுப்புவது அவர் வேலை. பின்னிணைப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே எழுத்து சிறியது என்பதால் வீடுகளும் சிறியவை. குனிந்தபடிதான் நடக்க முடியும். உலா கிடையாது. யாரும் எட்டிப் பார்ப்பதும் கிடையாது.

அவர் யாப்பையோ எதுகையையோ நம்பவில்லை. அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது என்றார். வீடு வீடாகச் சாப்பிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு யானைப்பாகனின் மடியில், மிளகாயைப் போலவே பிற்காலத்தில் வந்த வேர்க்கடலை இருந்தது. அன்று சாயங்காலமே அவரைக் குடும்பத்தோடு ஆற்றைக் கடக்க வைத்துவிட்டார்கள். யானை மூலத்தில் இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். இப்போது அது தானாகவே உலா போகிறது. அதற்கு வழி தெரியும்.

அடுத்தது எங்கள் வீடு. எனக்குப் பின்னிணைப்பைப் பற்றிப் பயமில்லை. குனிந்து வளையல் பொறுக்கிப் பழகிய முதுகு இது. பொற்றொடியை விட்டுப் போக வேண்டுமே என்பதுதான் கவலை. அவள் மூலம், நான் செருகல், ஆளுக்கொரு கரை. மறுபடியும் அவள் மாடத்தில் தனியாக நிற்பாள்.

எனவே அவளிடம் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்தேன். மிளகாயைத் தொடுவதை நிறுத்தினேன். காலையில் மிளகை மென்றேன், மாலையில் மிளகுக் கஷாயம் குடித்தேன். மிளகு எனக்கு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். தும்மலை அடக்கவும் பழகிக்கொண்டேன். பொற்றொடி இதையெல்லாம் பார்த்தாள். கொல்லைச் செடிப் பக்கம் அடிக்கடி போய் வந்தாள். அவளும் ஏதோ யோசனையில் இருந்தாள்.

பதிப்பாசிரியர் உச்சிவேளையில் வந்தார். கைகால் கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்தார். பொற்றொடி பரிமாறினாள். குழம்பு செக்கச்செவேலென்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது யார் வச்ச குழம்பு?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் பொற்றொடி.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. காதுமட்டும் சிவந்தது. பிறகு பையிலிருந்து இரண்டு பச்சைமிளகாயை எடுத்து எங்கள் முன் வைத்து, ஆளுக்கொன்று கடிக்கச் சொன்னார்.

நான் மிளகாயைக் கடித்தேன். பத்தியம் இருந்த நாக்கு. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, விக்கல் எடுத்தது, சொம்புத் தண்ணீரை மார்பெல்லாம் ஊற்றிக்கொண்டு குடித்தேன். பொற்றொடி அவள் மிளகாயைக் காம்புவரை கறுக்குமுறுக்கென்று மென்றாள். பிறகு நான் மிச்சம் வைத்ததையும் எடுத்துத் தின்றாள்.

"சந்தேகமே இல்லை" என்றார் பதிப்பாசிரியர். "ஐயா மூலம். அம்மா இடைச்செருகல்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏங்க, நீங்க எதுக்கு மிளகு தின்னீங்க?" என்றாள் பொற்றொடி.

"நீ எதுக்கு மிளகாய் தின்னே?"

"உங்களை அனுப்பினா நானும் கூட வரலாம்னுதான்."

"உன்கூட இங்கேயே இருக்கலாம்னுதான் நானும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் பதிப்பாசிரியரிடம், "ஐயா, ஊரையே கேட்டுப் பாருங்க, நான்தான் இடைச்செருகல்" என்றேன்.

அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இதுவரை எந்த இடைச்செருகலும் தன்னை இடைச்செருகல் என்று ஒத்துக்கொண்டதில்லையாம். நான் ஒத்துக்கொண்டதே நான் மூலம் என்பதற்குக் கூடுதல் சான்றாம். அன்று சாயங்காலமே பொற்றொடியைப் பரிசலில் ஏறச் சொல்லிவிட்டார். மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கி ஒரு சட்டியில் வைத்துப் பொற்றொடியிடம் கொடுத்தேன். பரிசல் போகும்வரை கரையில் நின்று அழுதேன். அவள் திரும்பிப் பார்த்து, "அடுப்புல பால் இருக்கு, பொங்கிடப் போகுது" என்று கத்தினாள்.

அவளுடைய பொன்வளையல்களைப் பதிப்பாசிரியர் என்னிடம் கொடுத்திருந்தார். வளை கழலும் பாட்டு மூலத்தில் இருக்கிறது, அதை எடுக்க முடியாது, மாடத்தில் யார் மிச்சமோ அவர்தான் கழற்ற வேண்டும் என்பது விதி.

செம்பதிப்பு வந்த அன்று காலை வளையல்களை மாட்டிக்கொண்டு மாடத்தில் நின்றேன். யானை வந்தது. தலைவனின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். இத்தனை காலமும் குனிந்து பொறுக்கவே நேரம் சரியாக இருந்தது. அழகன்தான். என் உடல் மெலிந்தது. அதற்குக் காரணம் அவன் இல்லை, ஆனால் பாட்டு அதையெல்லாம் விசாரிப்பதில்லை. வளையல்கள் கழன்றன.

அவை தெருவில் போய் விழவில்லை. மாடத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, என் இடுப்புயரத்தில், ஒரு நட்சத்திரக் குறி தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே சில பிரதிகளில் ஒரு பாடல் மிகுதியாகக் காணப்படுகிறது, பின்னிணைப்பைப் பார்க்க என்பதற்காக அச்சுக்கூடத்தில் வைத்த குறி. வளையல்கள் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்தன. கடைசி வளையல் விழுந்ததும் அது ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது.

வழக்கம்போல வளையலைப் பொறுக்க நானும் இறங்கினேன்.

"தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க" என்றாள் பொற்றொடி. வளையல்கள் அவள் மடியில் இருந்தன. சட்டியில் செடி காய்த்திருந்தது. கையை நீட்டச் சொல்லி ஒவ்வொன்றாக எனக்கு மாட்டிவிட்டாள். எதிர்வீட்டுப் பாகன் எட்டிப் பார்த்து, யானை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று விசாரித்தார். சாப்பிடுகிறது என்றேன்.

இருட்டியதும் மாடத்துக்குத் திரும்பிவிடுவேன், தினமும் இப்படித்தான் நடக்கிறது. காலையில் வளையல் கழன்றால் குறி திறக்கும், கழலாவிட்டால் திறக்காது. பொற்றொடிக்கு இது தெரியும். இருந்தாலும் என் கை இளைத்துப்போவதைப் பார்த்து அவளுக்குப் பொறுப்பதில்லை. மிளகாய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்து, இன்னும் ஒரு உருண்டை, இன்னும் ஒரே ஒரு உருண்டை என்று நீட்டுகிறாள். பாதி வயிற்றிலேயே போதும் என்று எழுந்துவிடுகிறேன்.