பக்கத்துப் பாத்தி

கோவாவின் மேல், அந்த முட்டைக்கோசின் மேல், எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. கோபமெல்லாம் ஜெயகௌரியின் மேல்தான். முப்பது வருடமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, 2009 தை மாதம், மகள் கோசிகாவின் பிரசவத்துக்கென்று ரொறன்ரோவுக்குப் பிளேன் ஏறினாள். மூன்று மாதம் என்றாள். பேத்தி பிறந்தாள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. அதற்குப் பிறகு கேட்டால், "பாப்பம்."

"உங்களாலை தனிய ஏலாட்டிச் சொல்லுங்கோ, அடுத்த பிளேனிலை வாறன்." ஒவ்வொரு ஞாயிறும் போனில் இதைச் சொல்வாள். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன விசரா? அறுபது வயதாகிறது, சோறு வடிக்கத் தெரியும், பெற்றோல் ஸ்ரேசனில் காலை ஷிப்ட் இருக்கிறது. "எனக்கென்ன குறை? நீர் ஆறுதலா வாரும்" என்பேன். போனை வைத்த பிறகு, கோலியர்ஸ் வுட் வீட்டில் ஆளில்லாத அறைகளிலும் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் சொன்ன மூன்று மாதம் முடிந்த சித்திரையில், உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒரு போன். கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்றுக்கு, இங்கே அலொட்மென்ற் என்பார்கள், ஜெயகௌரி எப்போதோ பெயர் பதிந்து வைத்திருந்தாளாம். அவளுடைய முறை வந்துவிட்டதாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், எடுக்கிறேன் என்று வந்துவிட்டது. அவள் ஆசைப்பட்ட தோட்டம். அதில் எதையாவது நன்றாக வளர்த்துக் காட்டினால், அதைப் பார்க்கவாவது வருவாள் அல்லவா? வா என்று கேட்காமலே வரவைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஊரில் போர் முடிந்த வைகாசி மாதம். எங்கள் சனம் முழுக்க இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் நின்றது. நானும் போய் நின்றேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், சேர்ந்து அழுவதற்கு வீட்டில் ஒருவருமில்லை. தனியாக இருந்து அழுதேன். அடுத்த நாள் கடையில் ஒரு தட்டுக் கோவாக் கன்றும் ஸ்ப்ரௌட்ஸ் என்கிற குட்டிக் கோவாவின் கன்று ஒரு தட்டும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

வலை போட வேண்டும் என்று தெரியாது. இரண்டே நாளில் புறாக்கள் அத்தனையையும் மொட்டையடித்துவிட்டன. திரும்ப வாங்கி நட்டு, வலையும் போட்டேன். பக்கத்துப் பாத்தி பெர்னடெற் என்ற ஐரிஷ் கிழவியினுடையது. ஓய்வுபெற்ற தாதி. "குட் மோர்னிங்" என்பாள், நானும் "குட் மோர்னிங்" என்பேன். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் கதை இல்லை. ஒருவரிடம் போய் இதை எப்படிச் செய்வது என்று கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரனின் மகன் நான், எனக்கு ஒரு தாதி பாடம் சொல்ல வேண்டுமா?

ஆவணியில் கோவா நன்றாகவே திரண்டது. முதல் கோவாவை வெட்டி வந்து வறை வறுத்தேன், சொதி வைத்தேன், பருப்போடு போட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு கோவா எவ்வளவு பெரிதென்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அதன் மணமே வெறுத்துப்போய், மிச்சத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

ஸ்ப்ரௌட்ஸ்தான் என் துருப்புச் சீட்டு. அது நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கென்றே வருகிற மரக்கறி; கடையில் பையில் கண்டிருக்கிறேன், செடியில் கண்டதில்லை. "நத்தாருக்கு வாரும், எங்கடை தோட்டத்து ஸ்ப்ரௌட்ஸ் அவிச்சுத் தாறன்" என்று போனில் அளந்துகொண்டிருந்தேன். "உங்களுக்கு அதெல்லாம் வளக்கத் தெரியுமோ?" என்று அவள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. விடுவேனா? சனியும் ஞாயிறும் அந்தச் செடிகளோடுதான் கிடந்தேன். அவை இடுப்புயரம் வளர்ந்தன. ஒவ்வொரு இலைக்கும் தண்டுக்கும் இடையில் சின்னச் சின்னக் குருத்துகள் வந்தன. புகையிலையில் அப்படிப் பக்கக் குருத்து வந்தால் ஒடித்தெறிய வேண்டும், விட்டால் செடியின் சத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். ஒன்று விடாமல் ஒடித்தேன். திரும்ப வந்ததையும் ஒடித்தேன். உச்சியில் குட்டிக் கோவாக்கள் கொத்தாக உருண்டு வருமென்று காத்திருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, பெர்னடெற் தன் பாத்தியில் குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அவளுடைய செடிகளில் அடியிலிருந்து உச்சி வரை, இலைக்கொன்றாக, தண்டைச் சுற்றி ஸ்ப்ரௌட்ஸ் அடைந்து கிடந்தது. நான் ஒடித்தெறிந்த அதே இடங்களில். என் செடிகளைத் திரும்பிப் பார்த்தேன். குடைக்கம்புகள் மாதிரி நின்றன.

"நான் ஒடித்ததை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "உங்கள் நாட்டில் அப்படித்தான் வளர்ப்பார்கள் என்று நினைத்தேன். நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. நானாக வந்து சொன்னால் மரியாதையாக இருக்காதென்று விட்டுவிட்டேன்."

அவள் மேல் எரிந்து விழவேண்டும் போலிருந்தது. விழுந்து என்ன பயன்? நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ஒரு கோடைகாலம் முழுக்க நாலடி தூரத்தில் நின்றிருக்கிறோம்.

அந்த ஞாயிறு ஜெயகௌரி கேட்டாள்: "ஸ்ப்ரௌட்ஸ் எப்பிடி?"

"சும்மா அள்ளிக்கொண்டு காய்ச்சிருக்கு."

"உண்மையாவோ? ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன், பாப்பம்."

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து தோட்டத்துக்குப் போனேன். "உங்கள் செடியை ஒரு படம் எடுக்கலாமா?" என்று பெர்னடெற்றிடம் கேட்டேன். ஏனென்று அவள் கேட்கவில்லை. என் போனை வாங்கி, "நீங்களும் நில்லுங்கள்" என்றாள். தொப்பியைச் சரி செய்துகொண்டு, அவளுடைய ஸ்ப்ரௌட்ஸ் நடுவில், விதைத்தவன் நான்தான் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "சிரியுங்கள்" என்றாள். சிரித்தேன். படத்தைக் கோசிகாவின் ஈமெயிலுக்கு அனுப்பினேன். இனி ஜெயகௌரி வராமல் இருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறுவரை பொறுக்காமல் அன்றைக்கே போன் எடுத்தாள். குரல் துள்ளியது.

"இஞ்சருங்கோ, என்ன வடிவான தோட்டம்! ஆர் படம் எடுத்தது?"

"பக்கத்துப் பாத்திப் பொம்பிளை. பெர்னடெற் எண்டு."

"நல்ல ஆளோ? கதைப்பாவோ?"

"ஓம், நல்லாக் கதைப்பா."

அவள் பெருமூச்சு விட்டது ரொறன்ரோவிலிருந்து கேட்டது. "அப்பாடா! நீங்கள் வாய் திறந்து சொல்லமாட்டீங்கள், தனியக் கிடந்து அவதிப்படுறீங்களோ எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சிடி. நத்தாருக்கு முதல் உங்களிட்டை வந்திடுவம் எண்டு கோசிகாவை டிக்கெட்டும் பாக்கச் சொல்லிப்போட்டன். இப்ப படத்தைப் பாத்தாப் பிறகுதான் நிம்மதி. சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறீங்கள்! தோட்டமும் இருக்கு, கதைக்கப் பேச ஆளும் இருக்கு. கோசிகாவுக்கு லீவு முடியுது, பிள்ளையைப் பாக்க ஆளில்லை. அவள் நர்சரிக்குப் போகத் தொடங்குமட்டும் நான் நிக்கட்டே?"

உண்மை நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்தப் படம் பொய், அந்தச் சிரிப்பும் பொய் என்று சொல்லியிருக்கலாம். என் பாத்தியில் வெறும் தண்டுதான் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"நில்லும்" என்றேன். "எனக்கென்ன குறை?"

"பாத்தீங்களே, நான் அப்பவே சொன்னன், நீங்கள் கெட்டிக்காரன்" என்றாள். பின்னால் பேத்தியின் அழுகை கேட்டது. "வைக்கிறன், என்ன" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். "எனக்குத் தனிய ஏலாது, வாரும்" என்று உரத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்படியொன்றும் கஷ்டமான வசனமாக இருக்கவில்லை.