மைக்குக்கு ஒரு கேட் பாஸ்

சதுரங்கப்பட்டினத்துத் தெய்வநாயகி வளைகாப்புக்குக் கலவை சாதம் கட்டிக் கொடுக்கிறவள். புதுசாகத் தொழில் தொடங்கியவளுக்குத் தம்பி மகள் சஹானா இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். அதில் பச்சையாக ஒரு பொத்தான். கூடுவாஞ்சேரியில் யாராவது அதை அமுக்கினால் போதும். நம்பர் கிம்பர் ஒன்றும் வேண்டாம், இங்கே லேப்டாப்பே மணியடிக்கும், அப்படியே பேசலாம்.

மணி அடிக்கத்தான் அடித்தது. ஒரே வாரத்தில் நாலு பேர் கூப்பிட்டார்கள். தெய்வநாயகி தொண்டை கிழியக் கத்தியும், நாலு பேரும் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே செவிடாகிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம், பாவம்.

ஐந்தாவதாக ரோகிணி என்றொரு பெண். "அக்கா, ஞாயித்துக்கெழம வளைகாப்பு. நூறு பேருக்கு ஏழு வகை சாதம் வேணும். லைன்ல இருக்கீங்களா?"

"கீறேம்மா, கீறேன்!"

"ஒண்ணுமே கேக்கல. ரெண்டு நிமிஷம் பாக்கறேன். இல்லன்னா மகாபலிபுரத்து ஓட்டல்ல சொல்லிடுவேன்."

அப்போதுதான் திரை மூலையில், குறுக்கே கோடு போட்ட மைக் படம் கண்ணில் பட்டது. "இத யாரு அடைச்சது?"

புருஷன் காசிநாதன் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். முப்பது வருஷம் அணுமின் நிலைய வாசலில் பாஸ் பார்த்து ரிட்டயரானவர். "நான்தான். மைக்க அனுமதிக்கலாமான்னு லேப்டாப்பு கேட்டுச்சு, வேணாம்னு அமுக்கிட்டேன். முன்னபின்ன தெரியாதத எப்டி வுடறது?"

"யோவ், நூறு பேரு சோறுய்யா! தொறந்து வுடு!"

"பாஸ் கீதா?"

அவர் விளையாடவில்லை. சண்டை போட நேரமும் இல்லை. தெய்வநாயகி காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்: பெயர், மைக். வந்த வேலை, பேச்சு. நேரம், நாலு மணி வரை. காசிநாதன் கண்ணாடியைத் தேடி மாட்டி, இரண்டு தரம் படித்து, கையெழுத்துப் போட்டு, 'அனுமதி'யை அமுக்கினார்.

"கண்ணு, சொல்லும்மா!"

"அப்பாடா, கேக்குதுக்கா!"

எலுமிச்சை, புளி, தேங்காய், தக்காளி, எள், கற்கண்டு என்று ஆறு வகை முடிந்தது. ஏழாவதுக்கு வாயெடுக்கும்போது கடிகாரம் நாலடித்தது. காசிநாதனின் விரல் நீண்டது. "டைம் முடிஞ்சிபோச்சு."

"யாருக்கா அது?"

"எங்க வூட்டுக்காரரும்மா. மைக்குக்கே பாஸ் கேக்கறாரு!"

ரோகிணி சிரித்துத் தீர்த்தாள். "சாதத்தோட அவரையும் அனுப்புங்கக்கா. கூப்பிடாதவங்கல்லாம் பந்தியில வந்து குந்திக்கறாங்க. மண்டப வாசல்ல ஒரு ஆள் வேணும்."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார் காசிநாதன். பேனாவை எடுத்து 'நாலு மணி வரை'யை அடித்தார். 'நிரந்தரம்' என்று எழுதினார். கீழே இன்னொரு கையெழுத்து.

"ஏழாவது தயிர் சாதம்மா," என்றார் மைக்கைப் பார்த்து. "எத்தினி மணிக்கு ட்யூட்டி?"