லிட்டருக்கு நாலு சென்ட்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் காரின் முன்பெட்டியில் கிடைத்தது. காப்பீட்டுக் காகிதம் தேடப்போன கையில், காலாவதியான பதினான்கு பெட்ரோல் தள்ளுபடிச் சீட்டுகள் சிக்கின. சூப்பர்மார்க்கெட்டில் முப்பது டாலருக்கு வாங்கினால் ரசீதின் அடியில் ஒட்டிக்கொண்டு வருமே, லிட்டருக்கு நாலு சென்ட், அதுதான். பேரம் பேசியே வளர்ந்தவன், பதினான்கையும் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

"ஆஸ்திரேலியாவில், விம்மெராவின் கோதுமை வயல்கள் பொன்னிறமாக..." (வேண்டாம். பெட்ரோல் விலைக்கும் பொன்னிறத்துக்கும் என்ன சம்பந்தம்?)

"மொய்ரா ஒரு கஞ்சப் பிசினாறி..." (பொய்.)

மறுபடியும். மொய்ராவுக்கு அறுபத்தெட்டு வயது. பென்ஷனில் குடும்பம் ஓடுகிறது. செவ்வாயும் வெள்ளியும், பண்ணை வீடுகளில் தனியாக இருக்கும் ஒன்பது முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கூலி கிடையாது, பெட்ரோலும் அவள் செலவு. ஊரில் இருப்பது ஒரே பங்க், க்ளைவுடையது. ஆனால் வியாழக்கிழமை மளிகைக்காக அறுபது கிலோமீட்டர் தள்ளி ஹார்ஷம் போகிறவள், அங்கேயே சீட்டைக் கொடுத்து டேங்கை நிரப்பிக்கொள்கிறாள். திரும்பும்போது க்ளைவின் பங்கை, கழுத்து சுளுக்கியவள்போல நேரே பார்த்தபடி கடக்கிறாள்.

* அடிக்குறிப்பு: இதில் லாபம் உண்டா? நாற்பது லிட்டருக்கு ஒரு டாலர் அறுபது சென்ட் மிச்சம். முப்பது டாலரை எட்டுவதற்காகக் கூடையில் போட்ட வேண்டாத பிஸ்கட் மூன்று டாலர். ஆனால் அதை அவள் கணவன் ரெக்ஸ் தின்றுவிடுகிறான். அப்படியென்றால் அது வேண்டாத பிஸ்கட்டா? தவிர, சீட்டு கழித்த விலையைவிட க்ளைவின் விலை சில நாள் குறைவு, சில நாள் ஏழு சென்ட் கூடுதல். நான் வளர்ந்த கடையில் இத்தனை குழப்பமான கணக்கை வாடிக்கையாளரிடம் மட்டும்தான் காட்டுவோம். நாங்கள் பார்க்க மாட்டோம்.

3

அந்தச் செவ்வாய், சாப்பாடு பின்சீட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் க்ளைவிடம் நிறுத்திப் பத்து லிட்டர் போட்டாள்.

"வா மகராசி. வழி மறந்துடலையே?"

"அவசரத்துல இருக்கேன் க்ளைவ். வாய அப்புறம் காட்டு."

கல்லாவில் கார்டை எடுத்தாள். கூடவே, பழக்கதோஷம், சூப்பர்மார்க்கெட் சீட்டையும் எடுத்து நீட்டிவிட்டாள்.

[இங்கே எட்டு வரிக்கு ஒரு மௌனம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

"இது அவங்க சீட்டு."

"ஐயையோ! கை தானா நீட்டிருச்சுய்யா. குடு இங்க."

"இருக்கட்டும். நாலு சென்ட்டுதானே, கழிச்சுட்டேன்."

"வேணாம்ங்கறேன். மானம் போவுது."

"மானத்துக்கெல்லாம் தள்ளுபடி கெடையாது. பெட்ரோலுக்கு மட்டுந்தான்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "வெள்ளிக்கிழம பெட்ரோல் லாரி வருது. அதுக்குள்ள இன்னும் எண்ணூறு லிட்டர் வித்தாத்தான் தொட்டில எறக்க எடம் இருக்கும். இந்தத் தடவையும் எறக்கலன்னா இந்தப் பக்கமே வரமாட்டோம்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பம்புக்குப் பூட்டு. தூண்டில் புழு வித்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

4

க்ளைவை நான் நம்பவில்லை. ஏன் கழித்தான்? பெருந்தன்மை என்று எழுதினேன். அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை. குத்திக்காட்டினான் என்று மாற்றினேன். அப்படியானால் லாரி விஷயத்தை ஏன் அவளிடம் சொல்கிறான்? மொய்ராவுக்கும் விளங்கவில்லை.

"நாப்பது சென்ட்டுல என்னைக் கூனிக்குறுக வெச்சுட்டான்," என்றாள் ரெக்ஸிடம்.

"மலிவுதான்," என்றான் ரெக்ஸ், பிஸ்கட்டைக் கடித்தபடி.

5

முடிவு அ: ஊரையே திரட்டி வந்து பங்கைக் காப்பாற்றுகிறாள். (திகட்டுகிறது. எண்ணூறு லிட்டருக்கு இருபது கார் வேண்டும். எங்கள் ஊரில் இருபது பேர் ஒரே பக்கம் நிற்பது கால்பந்து இறுதி ஆட்டத்தன்று மட்டும்.)

முடிவு ஆ: ஹார்ஷமிலேயே நிரப்புகிறாள், பம்ப் பூட்டப்படுகிறது, அடுத்து முள் அடியில் கிடக்கும் செவ்வாயன்று ஒன்பது வீடுகளுக்கும் சாப்பாடு நின்றுபோகிறது. (பாடப்புத்தகம். ஒருத்தியின் நாற்பது லிட்டரா பூட்டைத் தடுக்கப்போகிறது? இல்லை. ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் இதையே சொன்னால்

வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தும் நகரவில்லை.)

6

ஆகவே மொய்ராவை வியாழன் காலை, ஊர்முனைச் சந்திப்பில் நிறுத்திவைத்திருக்கிறேன். இடப்பக்கம் க்ளைவ், தலையை வெளியே நீட்டி யார் வருகிறார்கள் என்று பார்க்கிறான். வலப்பக்கம் ஹார்ஷம், போய்ச் சேருமளவு பெட்ரோல் இருக்கிறது, அதற்குமேல் இல்லை. எந்தப் பக்கமும் அவள் இன்னும் கையைக் காட்டவில்லை.

பக்கத்தை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் எழுதிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம்: நான் யோசித்த நேரமெல்லாம் அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை.