பின்னால் போகாத கார்

அந்த வாரம் முழுக்க நவநீதன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே ஆப்பிரிக்காவும் கிடந்தது. ஜாம்பியாவில் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கும் மைத்துனன் பூவரசன், தன் முகாமுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வனவிலங்குக் காப்பகத்தின் வரைபடத்தை அனுப்பியிருந்தான். நவநீதனின் மனைவி சுகுணா அதைப் பிரிண்ட் எடுத்து, மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும் குட்டைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். மே மாத லீவில் பயணம் என்று முடிவாகியிருந்தது.

பூவரசன் போனில் சொன்னான். "இங்க கைடு, டிரைவர்னு யாரும் வரமாட்டாங்க மாமா. கேட்டுல ஒரு மேப்பக் குடுத்து உள்ள வுட்டுருவாங்க. வாடகைக் கார எடுத்துக்கிட்டு நாமளே சுத்திப் பாக்க வேண்டியதுதான். எனக்குப் போர் போடத்தான் தெரியும், காரு ஓட்டத் தெரியாது. உங்கள நம்பித்தான் லீவு கேட்டிருக்கேன்."

"அதுக்கென்னடா, ஓட்டிட்டாப் போச்சு" என்றார் நவநீதன். கடத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர், நாலு பேர் மதிக்கும் மனிதர். வேறென்ன சொல்வார்?

ஒன்பதாவது படிக்கும் மகள் காவியா காப்பகத்தின் விதிகளை உரக்கப் படித்தாள். "காரை வுட்டு இறங்கக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. யானை வழியில நின்னா, பதட்டப்படாம காரை ரிவர்ஸ்ல எடுத்து அதுக்கு வழி வுடணும். ஈஸிதான் இல்லப்பா?"

நவநீதன் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

காரணம் இருந்தது. அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுக்கப் போனபோது, "நீங்க வந்து போட்டோவுக்கு நின்னாப் போதுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் புரோக்கர். கேட்ட பணத்தைக் கொடுத்தார் நவநீதன். ஸ்டீயரிங்கைத் தொடாமலே லைசென்ஸ் கைக்கு வந்தது. கார் வாங்கிய பிறகு முன்னால் ஓட்டத் தானாகவே பழகிக்கொண்டார். பின்னால் எடுக்க முயன்ற முதல் நாளே காம்பவுண்டுச் சுவரில் இடித்தார். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை.

வெளியே சொன்னால் மானம் போய்விடுமே. அதனால் சகுனத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். "கிளம்பறப்ப வண்டி பின்னால போகக் கூடாதுங்க, காரியம் தடைபடும்" என்று சொல்லிவிட்டு, காரை வீட்டுக்குள் விடாமல் தெருவிலேயே நிறுத்தினார். திரும்ப வேண்டுமானால் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருவார். எதிர்வீட்டு மாதம்மாள் அவருடைய பக்தியை மெச்சினாள். உரம் வாங்க வந்த இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டுத் தாங்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். இவ்வளவு தூரம் வளர்ந்த பொய்யை எங்கே போய்ப் புதைப்பது?

ஆப்பிரிக்கப் பயணம் முடிவானபோதாவது மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் மறுபடியும் அதே புரோக்கருக்குத்தான் போன் போட்டார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட் வீடு தேடி வந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோவுக்குள் வைத்தார்.

"போறதுக்கு முன்னாடி காட்டு ரோட்டுல ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்களேன்" என்றாள் சுகுணா. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒகேனக்கல் போனார்கள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். காட்டுக்குள் மலைப்பாதையில் ஏறி ஒரு வளைவைத் திரும்பியபோது நடுரோட்டில் யானை நின்றது. அதன் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

முப்பதடிகூட இருக்காது. நவநீதன் பிரேக்கை மிதித்த மிதியில் காவியாவின் தலை முன்சீட்டில் இடித்தது. பின்னால் வந்த வேன் சத்தமில்லாமல் பின்வாங்கி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. இப்போது இவருக்கு வேண்டிய இடம் இருந்தது. எடுக்கத்தான் தெரியவில்லை.

"என்னங்க, ரிவர்ஸ் எடுங்க" என்றாள் சுகுணா மெதுவாக.

நவநீதன் கியரை எதிலோ தள்ளி கிளட்ச்சை விட்டார். கார் பின்னால் போகாமல் யானையை நோக்கிப் பாய்ந்து நின்றது. யானை காதை விரித்தது. குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தது.

"அப்பா" என்றாள் காவியா.

எப்படியோ ரிவர்ஸ் கியர் விழுந்தது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது? தப்பான பக்கம் ஒடித்தார். பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி, கார் சாய்ந்து, இஞ்சின் நின்றுபோனது.

யானை கார் பக்கத்திலேயே வந்துவிட்டது. துதிக்கை முன்கண்ணாடியைத் தடவியபோது ஈரமாக ஒரு கோடு விழுந்தது. சுகுணா பின்சீட்டுக்குக் கையை நீட்டி மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். தன் உயிரைப் பற்றி நவநீதனுக்கு அப்போது நினைப்பே வரவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து யானையின் காலடியில் விட்டுவிட்டோமே என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

குட்டி ரோட்டைத் தாண்டி மூங்கில் புதருக்குள் நுழைந்தது. அது போனதைப் பார்த்துவிட்டுத்தான் தாய் திரும்பியது. கிளைகள் முறியும் சத்தம் தூரத்தில் கேட்கிற வரைக்கும் காருக்குள் யாரும் அசையவில்லை.

வேன் டிரைவர் ஆரோக்கியராஜ் இறங்கி வந்து காரைப் பள்ளத்திலிருந்து தள்ளி ஏற்ற உதவினார். "நல்ல நேரங்க, குட்டி அந்தப் பக்கம் போயிருச்சு. நான் அவ்ளோ இடம் வுட்டேனே, நீங்க முன்னால போறீங்களே சார். லைசென்ஸு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றார் நவநீதன். நாலு வருஷமாகத் தயங்காமல் சொல்லி வந்த பதில்தான். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் கூசியது.

பென்னாகரம் வந்ததும் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தி, புரோக்கர், போட்டோ, சகுனம் என்று எல்லாவற்றையும் மனைவியிடமும் மகளிடமும் கொட்டிவிட்டார். சுகுணா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இறங்கிப் போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

காவியாதான் கேட்டாள். "அங்க போயிருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்போமாப்பா? அங்க பின்னால வேன்கூட வந்திருக்காதே?"

நவநீதன் அங்கேயே பூவரசனுக்குப் போன் செய்து, "மே மாசம் வேண்டாம்டா, உங்க மாமனுக்குக் காரு ஓட்டத் தெரியாது. கத்துக்கிட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாளே ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில், நரைத்த மீசையோடு, முதல் பாடத்திலிருந்து.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நவநீதனின் கார் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது. ரிவர்ஸிலேயே, நேராக, சுவரில் உரசாமல் வந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த மாதம்மாள் பதறி எழுந்தாள்.

"என்ன தம்பி இது, கிளம்பறப்பவே வண்டியப் பின்னால எடுக்கற? சகுனம் பாக்கற ஆளாச்சே நீ."

நவநீதன் காரை நிறுத்தி இறங்கினார். தெருவில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"சகுனமெல்லாம் இல்லீங்கக்கா, எனக்கு எடுக்கத் தெரியாது, அத மறைச்சு உங்களயும் ஏமாத்திட்டேன். லஞ்சம் குடுத்தா லைசென்ஸ் கிடைக்குது, ஓட்டக் கத்துக்க முடியறதில்ல. காசப் பாத்து மனுசன் கண்ண மூடிக்குவான், யானை மூடாதுங்க. லஞ்சம் குடுத்தது நானு. ஆனா அன்னிக்குக் காருக்குள்ள உக்காந்திருந்தது எம் பொண்ணுதானுங்க."